எச்4-ல இருக்குற பிள்ளைக்கு காலேஜ் பாக்குற வீட்டுக்காரங்களுக்கு

அமெரிக்கால எச்1பி வேலை விசால இருந்துட்டு, ஊர்ல இருந்து சின்ன வயசுல எச்4-ல (எச்1பி-காரங்க குடும்பத்துக்குக் குடுக்கற விசா) கூட்டிட்டு வந்த பிள்ளை இப்ப ஹைஸ்கூல்ல பதினொன்னாவதோ பன்னெண்டாவதோ படிக்குதுன்னா இது உங்களுக்குத்தான். கிரீன் கார்டு வந்தவங்க, சிட்டிசன் ஆனவங்க எழுதுற காலேஜ் அட்மிஷன் அனுபவம் நிறைய கிடைக்குது, ஆனா அதுல பாதி நமக்குப் பொருந்தாது, பொருந்தாதுன்னும் யாரும் சொல்ல மாட்டாங்க. நாங்க இருக்கறது டெக்சஸ்ல, டாலஸ் பக்கம். பொண்ணு 2025-ல ஹைஸ்கூல் முடிச்சா. வீட்டுக்காரர் திங்கக்கிழமை ஃபிளைட் ஏறுனா வியாழக்கிழமை ராத்திரிதான் வருவார், அதனால இந்த மொத்த வேலையும் என் தலைலதான் விழுந்துச்சு.

டெக்சஸ்ல ஒரு சட்டம் இருக்கு, 2021-22 சீனியர் பேட்ச்ல இருந்து ஃபாஃப்சா (காலேஜ் செலவுக்கு ஃபெடரல் உதவி கேக்கற ஃபாரம்) போடாம, இல்ல அதுக்கு பதிலா டாஸ்ஃபா (டெக்சஸ் ஸ்டேட் உதவி கேக்கற ஃபாரம்) போடாம, இல்ல ரெண்டும் வேணாம்னு எழுதி கையெழுத்து போடாம ஹைஸ்கூல் டிப்ளமோவே கிடையாது. அதனால ஆகஸ்ட்ல ஸ்கூல் திறந்ததுல இருந்து மெயில் மேல மெயில், "உங்க பிள்ளை இன்னும் ஃபாஃப்சா முடிக்கல"ன்னு. அந்த வருஷம் ஃபாஃப்சா நவம்பர்லதான் எல்லாருக்கும் முழுசா திறந்துச்சு. ஒரு சனிக்கிழமை ராத்திரி சாப்பிட்டு முடிச்சு, டேக்ஸ் ரிட்டர்ன், டபிள்யூ-2, பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் டைனிங் டேபிள்ல பரப்பி வச்சுட்டு ரெண்டு பேரும் உக்காந்தோம். அக்கவுண்ட் திறக்கற பக்கத்துலயே சோஷியல் செக்யூரிட்டி நம்பர் கேக்குது. பாப்பா என்னைப் பாத்து "ம்மா, எனக்கு சோஷியல் இருக்கா?"ன்னா. எச்4 பிள்ளைக்கு ஏது சோஷியல், டேக்ஸுக்கு வாங்கின ஐடின்தான் இருக்கு, அது அங்க செல்லாது. அப்புறம் ரெண்டு பேரும் ரூல்ஸ் படிச்சோம். சிட்டிசன், கிரீன் கார்டு, ரெஃப்யூஜி, அசைலம் கிடைச்சவங்கன்னு போகுது லிஸ்ட், எச்4 எங்கயுமே இல்ல. நாலு வயசுல வந்த பிள்ளை, கிண்டர்கார்டன்ல இருந்து இங்கதான் படிச்சா, ஆனா ஃபெடரல் கிராண்ட் கிடையாது, ஃபெடரல் லோன் கிடையாது, வொர்க்-ஸ்டடி கிடையாது. கார்டே இல்லாம ரேஷன் கடை வரிசைல நின்ன மாதிரி இருந்துச்சு. அவ ஒண்ணும் சொல்லல, லேப்டாப்பை மூடிட்டு ரூமுக்குப் போயிட்டா. எனக்குத்தான் தூக்கம் வரல.

ஸ்கூல் கவுன்சலரை குறை சொல்ல மனசு வரல. கடைசிப் பேரோட முதல் எழுத்தை வச்சு நூத்துக்கணக்குல பிள்ளைங்களை ஒருத்தர் தலைல கட்டிருப்பாங்க, விசா பத்தி அவங்களுக்கு தெரியணும்னு எதிர்பாக்க முடியாது. என் கோவம் எல்லாம் நாங்க காசு குடுத்து வச்ச ப்ரைவேட் கன்சல்டன்ட் மேலதான். தெரிஞ்சவங்க சொல்லி பதினொன்னாவது ஸ்பிரிங்லயே சேந்தோம், மூணு தவணைல 3,800 டாலர். காலேஜ் லிஸ்ட் போட்டுக் குடுத்தாங்க, எஸ்ஸே பாத்தாங்க, மாசா மாசம் ஜூம் கால். ஒரு தடவை கூட "உங்க பிள்ளை என்ன ஸ்டேட்டஸ்ல இருக்கா"ன்னு கேக்கல. செலவு எப்படி சமாளிக்கறதுன்னு கேட்டா "ஃபாஃப்சா போடுங்க, எய்ட் வரும்"னாங்க. ஃபாஃப்சா கதை தெரிஞ்சப்புறம் போன் பண்ணி கேட்டா "ஓ, அப்ப அவ இன்டர்நேஷனல் அப்ளிகன்ட்டா?"ன்னு என்கிட்டயே கேக்கறாங்க! பணத்தை திருப்பிக் கேட்டேன், அக்ரிமென்ட்ல ரீஃபண்ட் இல்லன்னு காமிச்சாங்க. நீங்க யாரையாவது வைக்கறதா இருந்தா முதல் கால்லயே கேளுங்க, எச்4 பிள்ளைங்க எத்தனை பேருக்கு பண்ணிருக்கீங்க, அவங்க எந்த காலேஜ்ல, என்ன கட்டணத்துல சேந்தாங்கன்னு. பதில்ல தடுமாற்றம் தெரிஞ்சா அங்கயே நிறுத்திக்கலாம்.

அந்த லிஸ்ட்ல முக்கால்வாசி ப்ரைவேட் காலேஜ். இப்ப பெரிய ப்ரைவேட் காலேஜ்ல தங்கறது, சாப்பாடு எல்லாம் சேத்து வருஷத்துக்கு 90,000 டாலரை ஒட்டி வருது. நெட் ப்ரைஸ் கால்குலேட்டர்னு ஒண்ணு ஒவ்வொரு காலேஜ் சைட்லயும் இருக்கும், ஃபெடரல் சட்டப்படி வச்சே ஆகணும். அதுல நம்ம சம்பளம், சேமிப்பு எல்லாம் போட்டுப் பாத்து "பரவால்ல, இவ்ளோதான் கட்டணும்போல"ன்னு நான் சந்தோஷப்பட்டது உண்டு. ஆனா அந்த கணக்கு சிட்டிசன் பிள்ளைக்கு ஆகறது. பல ப்ரைவேட் காலேஜ்ல எச்4 பிள்ளையை எய்ட் விஷயத்துல இன்டர்நேஷனல் கூடதான் வைப்பாங்க, பணம் கேட்டாலே அட்மிஷன் சான்ஸ் குறையற இடமும் நிறைய. இன்டர்நேஷனல் பிள்ளைங்க பணம் கேட்டாங்கன்னு அட்மிஷன்ல ஒதுக்காம, தேவையையும் முழுசா குடுக்கற காலேஜ் கைவிட்டு எண்ணிடலாம், ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹர்ஸ்ட், டார்ட்மத், போடன் அந்த மாதிரி. அங்க இடம் கிடைக்கறது என்ன லட்சணம்னு உங்களுக்கே தெரியும். அதனால ஒவ்வொரு காலேஜுக்கும் ஒரே வரில மெயில் போடுங்க: என் பிள்ளை எச்4, இந்த ஊர் ஹைஸ்கூல்ல படிக்கறா, நீட்-பேஸ்ட் எய்டுக்கு (குடும்ப வருமானத்தைப் பாத்துக் குடுக்கற உதவி) அவளை டொமஸ்டிக்னு பாப்பீங்களா இன்டர்நேஷனல்னு பாப்பீங்களா, மெரிட் ஸ்காலர்ஷிப்புக்கு சிட்டிசன்ஷிப் கேப்பீங்களா. பதில் வந்ததும் லிஸ்ட்ல பாதி தானா போயிடும். அந்த பாதிக்கு அப்ளிகேஷன் ஃபீஸ், பல ப்ரைவேட் காலேஜ் எய்டுக்கு தனியா கேக்கற சிஎஸ்எஸ் ப்ரொஃபைல்ங்கற ஃபாரத்துக்கு ஃபீஸ் (முதல் காலேஜுக்கு 25 டாலர், அடுத்து ஒவ்வொன்னுக்கும் 16), எஸ்ஸே எழுதற நேரம் எல்லாம் மிச்சம். எர்லி டிசிஷன் போட்டா சான்ஸ் கூடும்னு கன்சல்டன்ட் ரொம்ப அழுத்துனாங்க, நான் ஒத்துக்கல. கிடைச்சா சேந்தே ஆகணும், எய்ட் வராதுன்னு தெரிஞ்சே அதுல கையெழுத்து போட முடியுமா?

கடைசில கை குடுத்தது ஸ்டேட் யுனிவர்சிட்டிங்கதான். இங்க டெக்சஸ்ல எச்4 பிள்ளை இன்-ஸ்டேட் கட்டணத்துல (அந்த ஸ்டேட்காரங்களுக்கு உள்ள குறைஞ்ச கட்டணம்) படிக்கலாம், ஒரு வருஷத்துக்கு மேல குடும்பம் இங்க இருந்ததுக்கு ஆதாரம் காமிச்சா போதும். வேற ஸ்டேட்ல இருக்கறவங்க அந்தந்த யுனிவர்சிட்டி ரெசிடென்சி பக்கத்தைப் பாருங்க, எந்த விசாவுக்கு உண்டு எதுக்கு இல்லன்னு பல இடத்துல தனியா போட்டிருப்பாங்க. டாப் 10 பர்சன்ட் ரூல் பத்தியும் எல்லாரும் பேசுவாங்க, அதாவது ஸ்கூல் ரேங்க்ல முதல் 10 சதவீதத்துக்குள்ள வந்தா ஸ்டேட் யுனிவர்சிட்டில தானா இடம். யுடி ஆஸ்டின்ல எங்க வருஷம் அது டாப் 6, இப்ப 2026-ல இருந்து டாப் 5. ஆனா யுனிவர்சிட்டில இடம் நிச்சயம்னா கேட்ட மேஜர் நிச்சயம்னு இல்ல, கம்ப்யூட்டர் சயின்ஸ், இன்ஜினியரிங் எல்லாம் தனியா பாத்துதான் எடுப்பாங்க. நம்ம ஆளுங்க பிரிஸ்கோ, பிளேனோ பக்கம் நல்ல ஸ்கூல்னு தேடித் தேடி வீடு வாங்குவோம், அந்த ஸ்கூல்ல டாப் 6-க்குள்ள வர பிள்ளைங்க படற பாட்டைப் பாத்தா, சும்மா இருந்த ஸ்கூல்லயே விட்டிருக்கலாமோன்னு தோணும், அது வேற கதை. பாப்பாவுக்கு வீட்டுல இருந்தே போய் வர்ற தூரத்துல ஒரு ஸ்டேட் யுனிவர்சிட்டில கிடைச்சுச்சு, கூடவே எஸ்ஏடி மார்க்குக்கும் ரேங்குக்கும் மெரிட் ஸ்காலர்ஷிப். யுனிவர்சிட்டியே குடுக்கற மெரிட்ல பல நேரம் விசா பாக்க மாட்டாங்க, வெளில கம்பெனி, டிரஸ்ட் குடுக்கறதுலதான் "சிட்டிசன் அல்லது பெர்மனன்ட் ரெசிடென்ட்"னு ஒரு வரி எங்கயாவது கடைசில ஒளிஞ்சிருக்கும், எஸ்ஸே எழுதறதுக்கு முன்னாடி அந்த வரியைத் தேடுங்க. இன்னொரு விஷயம், இன்-ஸ்டேட் கிடைக்காத பிள்ளைக்கும் டெக்சஸ் ஸ்டேட் யுனிவர்சிட்டில போட்டிபோட்டு வாங்கற ஸ்காலர்ஷிப் 1,000 டாலராவது கிடைச்சா இன்-ஸ்டேட் ரேட்டே குடுக்க சட்டத்துல வழி இருக்கு. வெளி ஸ்டேட்காரங்க இதை கேட்டுப் பாக்கலாம். ஹைஸ்கூல்லயே கம்யூனிட்டி காலேஜ் டூயல் கிரெடிட் (ரெண்டுக்கும் கணக்காகற பாடம்) எடுத்தது, ஏபி (காலேஜ் லெவல் பரிட்சை) மார்க் ரெண்டும் சேந்து அவளுக்கு ஒரு செமஸ்டருக்கு மேல மிச்சம் ஆச்சு, எய்ட் இல்லாத வீட்டுக்கு இதைவிட பெரிய எய்ட் இல்ல.

இப்ப நெஞ்சு அடைச்ச கதைக்கு வர்றேன். பிப்ரவரில ரெசிடென்சி பேப்பர் எல்லாம் ஒரு ஃபோல்டர்ல சேக்கலாம்னு உக்காந்து, சிபிபி (எல்லைல செக் பண்ற துறை) சைட்ல இருந்து அவ ஐ-94-ஐ (எந்த தேதி வரை இங்க இருக்கலாம்னு காட்டற பதிவு) எடுத்தேன். அதுல மார்ச் 2025-னு போட்டிருக்கு. எச்4 ஸ்டேட்டஸுக்கு வந்த ஐ-797 அப்ரூவல் நோட்டீஸ்ல 2026 வரைக்கும் இருக்கே, இது என்னன்னு திரும்பத் திரும்பப் பாக்கறேன். விஷயம் இதுதான்: 15 வயசுக்கு கீழ இருக்கற பிள்ளைக்கு இந்தியன் பாஸ்போர்ட் அஞ்சு வருஷத்துக்குத்தான் குடுப்பாங்க. கடைசியா ஊருக்குப் போயிட்டு வந்தப்ப ஏர்போர்ட்ல ஆபீசர் பாஸ்போர்ட் எக்ஸ்பயரி வரைக்கும் மட்டும் ஐ-94 குடுத்துட்டார். எங்க ரெண்டு பேருதும் பத்து வருஷ பாஸ்போர்ட், அதனால எங்களுக்கு 2026 வரைக்கும், அவளுக்கு மட்டும் குறைச்சல். நாங்க மூணு பேரும் ஒண்ணாத்தான் கவுன்டர்ல நின்னோம். இந்த நாட்டுல எவ்வளவு நாள் இருக்கலாம்ங்கறது ஐ-94 தேதிதான், ஸ்டாம்பிங் (பாஸ்போர்ட்ல ஒட்டற விசா) தேதி இல்ல. அந்த தேதி தாண்டியிருந்தா அவ ஸ்டேட்டஸ் இல்லாத பிள்ளை, அதுவும் எங்களுக்கே தெரியாம. அவசர அவசரமா பாஸ்போர்ட் ரென்யூவலுக்குப் போட்டு, லாயர் பிடிச்சு, மார்ச் தேதிக்கு முன்னாடி ஐ-539 (ஸ்டேட்டஸை நீட்டிக்கக் கேக்கற விண்ணப்பம்) போட்டுட்டோம். லாயருக்கு 900, கவர்மென்ட் ஃபீஸ் ஆன்லைன்ல 420. ரிசீட் வந்துச்சு, பெண்டிங்ல இருந்தா இங்க இருக்கலாம்னு லாயர் சொன்னார், அதோட மறந்துட்டோம்.

ஜூன் 4, 2025 அன்னிக்கு ஒரு கோர்ட் உத்தரவு. டெக்சஸ்ல 2001-ல இருந்து ஒரு சட்டம் இருந்துச்சு, மூணு வருஷம் இங்க இருந்து இங்கயே ஹைஸ்கூல் முடிச்ச பிள்ளைக்கு ஸ்டேட்டஸ் எதுவா இருந்தாலும் இன்-ஸ்டேட் கட்டணம். ஃபெடரல் கவர்மென்ட் கேஸ் போட, ஸ்டேட்டும் எதுத்து வாதாடாம சரின்னுட, ஒரே நாள்ல அது போச்சு. பேப்பர் இல்லாத பிள்ளைங்க வயித்துல அடிச்சது அது, நமக்கு இல்லன்னுதான் நினைச்சேன். ஆனா யுனிவர்சிட்டி என்ன பண்ணுச்சுன்னா, சிட்டிசனும் இல்லாம கிரீன் கார்டும் இல்லாத பிள்ளைங்ககிட்ட எல்லாம் சட்டப்படி இங்க இருக்கறதுக்கு ஆதாரம் கேட்டு போர்ட்டல்ல ஹோல்ட் போட்டுருச்சு. ஐ-94 கேட்டாங்க, எங்ககிட்ட இருக்கறது மார்ச்ல முடிஞ்ச ஐ-94-உம் ஒரு ரிசீட்டும். அனுப்பினோம். ஜூலைல பில் வருது, நான்-ரெசிடென்ட் ரேட்ல, ஒரு செமஸ்டருக்கு 12,000 டாலருக்கு மேல கூட. போன் பண்ணா "ரிசீட் இஸ் நாட் அப்ரூவல், மேடம்"னு ஒரே பதில், வேற வேற ஆளுங்ககிட்ட இருந்து. கடைசியா பேசின பொண்ணு பாவம் நல்லாத்தான் பேசுச்சு, அதுக்கு மேல அதுக்கு ஒண்ணும் அதிகாரம் இல்ல. நான் போனை வச்சுட்டு காருக்குள்ளயே கொஞ்ச நேரம் அழுதேன். ஐ-539-ல எச்4-க்கு பிரீமியம் ப்ராசஸிங்கும் கிடையாது, காசு கட்டி சீக்கிரம் வாங்கவும் வழியில்ல.

வழி கெடைச்சது வேற ஒரு அக்கா மூலமா, அவங்க பையனுக்கும் இதே பாஸ்போர்ட் கூத்து நடந்திருக்கு. "ஏம்மா, ஸ்டாம்பிங் இன்னும் இருக்குல்ல, வெளிய போயிட்டு வந்தா புது ஐ-94 குடுத்துருவானே, அவளுக்கு எதுக்கு 539?"ன்னாங்க. பழைய பாஸ்போர்ட்ல எச்4 விசா 2026 வரைக்கும் இருந்துச்சு. நம்ம லாயர்கிட்ட கேட்டா "ஆமா, அதுவும் பண்ணலாம்"னார் நிதானமா. பிப்ரவரில சொல்லியிருந்தா என்னவாம்! செல்லுற அமெரிக்க விசா இருந்தா இந்தியன் பாஸ்போர்ட்டுக்கு மெக்சிகோ போக தனி விசா வேணாம், அதனால சின்னவனையும் சேத்து நாலு பேரும் மெக்சிகோல இருக்கற கான்கூன் போயிட்டு வந்தோம், சுமார் 2,800 டாலர். எல்லாரும் பீச் படம் போட்டா நான் அங்க தூக்கம் இல்லாம ஃபோல்டரை கட்டிப்பிடிச்சுட்டு படுத்திருந்தேன், அந்த நேரத்துல எல்லைல என்ன நடக்கும்னு யாருக்கும் உறுதி இல்ல. திரும்பி வந்து டாலஸ் டிஎஃப்டபிள்யூ ஏர்போர்ட்ல பழைய பாஸ்போர்ட், புது பாஸ்போர்ட், ஐ-797, அப்பாவோட பே ஸ்டப் எல்லாம் நீட்டினோம், ஆபீசர் ரெண்டு கேள்வி கேட்டு அனுப்பிட்டார். வீட்டுக்கு வந்து சைட்ல பாத்தா 2026 தேதி. அதை அப்லோட் பண்ணதும் ஆகஸ்ட் நடுவுல பில் மாறிடுச்சு. நீங்க இதை அப்படியே பண்ணணும்னு சொல்லல, வெளிய போறது ஒவ்வொருத்தர் நிலைமைக்கும் வேற வேற ஆபத்து, உங்க லாயர்கிட்ட ரெண்டு வழியையும் வச்சு கேளுங்க. ஆனா ஐ-94-ஐ மட்டும் ஒவ்வொரு தடவை வெளிய போயிட்டு வந்ததும் வீட்ல இருக்கற ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டவுன்லோட் பண்ணி தேதி பாருங்க. பிள்ளை பாஸ்போர்ட்டை எக்ஸ்பயரிக்கு ஒரு வருஷம் முன்னாடியே ரென்யூ பண்ணிட்டு அப்புறம் டிக்கெட் போடுங்க.

சின்னவன் இங்க பொறந்தவன், அவனுக்கு ஃபாஃப்சா உண்டு. அப்பா அம்மா எச்1பி-ல இருக்கறது அவன் அப்ளிகேஷனுக்கு தடை இல்ல. எங்க வருமானத்துக்கு கிராண்ட் வராது, ஆனா முதல் வருஷம் 5,500 டாலர் வரை ஃபெடரல் லோன் அவன் பேர்ல எடுக்கலாம். அதுல நம்மாளுங்க கவனிக்க வேண்டியது ஊர் சொத்து. குடியிருக்கற வீடும் 401கே-வும் (ரிடயர்மென்ட் சேமிப்பு) ஃபாஃப்சால கணக்குல வராது, கோயம்புத்தூர்ல வாங்கிப் போட்ட ஃபிளாட்டும் என்ஆர்ஈ டெபாசிட்டும் வரும். பிள்ளை பேர்ல பணம் போட்டு வச்சா அதுல 20 சதவீதம் காலேஜுக்குன்னு ஃபாஃப்சா கணக்குல எடுத்துக்குவாங்க, அப்பா அம்மா பேர்லன்னா அதிகபட்சம் 5.64 தான். அதனால அவனுக்கு சேக்கறதை எங்க பேர்ல 529-லயே (காலேஜ் சேமிப்பு அக்கவுண்ட்) போட்டுட்டு வர்றோம்.

பாப்பாவுக்கு டாக்டர் ஆகணும்னு ஆசை. பல மெடிக்கல் ஸ்கூல் சிட்டிசன், கிரீன் கார்டுக்கு மட்டும்தான் இடம் குடுக்கும், அதை இப்பவே அவகிட்ட ஒளிக்காம சொல்லிட்டோம், ரெண்டு நாள் பேசவே இல்ல. இப்ப பயோமெடிக்கல் இன்ஜினியரிங் எடுத்திருக்கா, கிரீன் கார்டு வந்தா ப்ரீ-மெட் பாடம் கூட வச்சுக்கலாம்னு. எச்4-ல சம்பளத்துக்கு ஒரு மணி நேரம் கூட வேலை பாக்க முடியாது, கேம்பஸ் லைப்ரரில கூட. கூட படிக்கறவங்க சம்மர் இன்டர்ன்ஷிப் பத்தி பேசறப்ப இவ பேச்சை மாத்திட்டு எந்திரிச்சு வந்துடறா. கிரீன் கார்டு வரிசைல எங்க ப்ரையாரிட்டி டேட் (வரிசைல இடம் பிடிச்ச தேதி) 2017, இந்தியா வரிசை நகர்ற வேகத்துல அவ 21 ஆகறதுக்குள்ள வராது, 21 ஆனா எச்4-ல இருக்க முடியாது, அதனால எப்படியும் எஃப்-1-க்கு (மாணவர் விசா) மாறியாகணும். சீக்கிரம் மாறுனா ஒரு வருஷப் படிப்புக்கு அப்புறம் சிபிடி-ல (படிக்கறப்பவே படிப்பு சார்ந்த வேலைக்கு அனுமதி) இன்டர்ன்ஷிப் பாக்கலாம், டிகிரி முடிஞ்சதும் ஓபிடி-ல (படிப்பு சார்ந்த வேலை பாக்க அனுமதி) 12 மாசம், ஸ்டெம் டிகிரின்னா மேல 24 மாசம். மாறுறதுக்கு முன்னாடி யுனிவர்சிட்டி இன்டர்நேஷனல் ஆபீஸ்லயும் ரெசிடென்சி ஆபீஸ்லயும் மூணு கேள்வியை மெயில்லயே கேளுங்க, வாய்ப்பேச்சா வேணாம்: எஃப்-1 ஆனதும் இன்-ஸ்டேட் கட்டணம் அப்படியே இருக்குமா, இப்ப இருக்கற மெரிட் ஸ்காலர்ஷிப் தொடருமா, எச்4-ல படிச்ச செமஸ்டரை சிபிடி-க்கு கணக்குல எடுப்பாங்களா. நாங்க ரெண்டு ஆபீஸுக்கும் அனுப்பிட்டோம். ரெண்டாவது கேள்விக்கு மட்டும் பதில் வந்திருக்கு, ஸ்காலர்ஷிப் தொடரும்னு. மத்த ரெண்டுக்கும் மறுபடி மெயில் போட்டிருக்கேன்.